கமிட் ஆனது சரி, எங்கே போய்ச் சேர்ந்தது?

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் புரோசஸை 'கில் -9' அடித்துக் கொன்று, மறுபடி எழுப்பி, கமிட் ஆன (சேமித்தாயிற்று என்று டேட்டாபேஸ் உறுதி சொன்ன) வரிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிட்டு, "இனி கரன்ட் போனாலும் பயமில்லை" என்று முடிவு கட்டுபவர்கள் நிறையப் பேர். அந்தச் சோதனை பாதிக் கிணறுதான் தாண்டுகிறது. புரோசஸ் செத்தால் அதன் சொந்த நினைவகம் போகும். அதற்கு முன் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னலிடம் ஒப்படைத்துவிட்ட பைட்டுகள் கர்னலிடமே இருக்கும். கரன்ட் போகும்போதுதான் கர்னலின் நினைவகமும் சேர்ந்து போகிறது. அந்த நேரத்தில் டிஸ்க்கில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி, 'கில் -9' அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

லினக்ஸில் ஓடும் போஸ்ட்கிரெஸை எடுத்துக்கொண்டு, ஒரு வரியை அப்டேட் செய்தால் அந்த மாற்றம் எங்கெங்கே தங்கிப் போகிறது என்று பார்க்கலாம். மைஎஸ்க்யூஎல்லின் ஸ்டோரேஜ் எஞ்சினான இன்னோடிபியும், ஒரே ஃபைலில் அடங்கும் டேட்டாபேஸான எஸ்க்யூலைட்டும் எங்கே வேறுபடுகின்றன என்பது இடையிடையே வரும்.

முதலில் போஸ்ட்கிரெஸின் சொந்தக் கேஷ், ஷேர்டு_பஃபர்ஸ். 8 கேபி பக்கங்கள். மாற்றம் இங்கேதான் நடக்கிறது. பிறகு எப்போதோ அந்தப் பக்கத்துக்கு ரைட் என்கிற சிஸ்டம் கால் போகும். அது டிஸ்க்குக்குப் போவதில்லை, கர்னலின் பேஜ் கேஷுக்குப் போகிறது. கர்னல் தன் 4 கேபி பக்கங்களில் அதை நகலெடுத்து, 'டர்ட்டி' (மாறியது, இன்னும் டிஸ்க்குக்குப் போகவில்லை) என்று குறித்துவிட்டு, "ஆயிற்று" என்று திரும்பிவிடும். எழுதியது போல இருக்கும், எழுதியிருக்காது. கர்னலிலிருந்து இறங்கினால் டிஸ்க்கின் உள்ளே இருக்கும் கேஷ், அதுவும் கரன்ட் போனால் அழிகிற நினைவகம்தான். அதற்கும் கீழேதான் ஃபிளாஷ் சில்லோ காந்தத் தட்டோ. நிரந்தரம் என்று சொல்லத் தக்கது அந்தக் கடைசி இடம் மட்டும்.

டர்ட்டி பக்கங்களைக் கர்னல் எப்போது கீழே தள்ளும்? அதற்கு நான்கு எண்கள் இருக்கின்றன. பின்னணியில் ஓடும் ஃப்ளஷர் திரெட் 5 வினாடிக்கு ஒருமுறை விழித்துப் பார்க்கும் (டர்ட்டி_ரைட்பேக்_சென்டிசெக்ஸ், 500). 30 வினாடிக்கு மேல் கிடக்கும் பக்கங்களை எழுதும் (டர்ட்டி_எக்ஸ்பயர்_சென்டிசெக்ஸ், 3000). டர்ட்டி பக்கங்கள் 10 சதவீதத்தைத் தாண்டினால் வயது பார்க்காமல் எழுதத் தொடங்கும் (டர்ட்டி_பேக்ரவுண்ட்_ரேஷியோ). 20 சதவீதத்தை எட்டினால் (டர்ட்டி_ரேஷியோ) ரைட் அழைக்கும் புரோசஸ்களையே நிறுத்திவைக்கும். இந்தச் சதவீதம் மொத்த ராமில் இல்லை, அப்போது கைக்குக் கிடைக்கக்கூடிய நினைவகத்தில்.

ஒரு நேரத்தில் நியாயமாக இருந்த இந்த எண்கள் இன்றைய ராம் அளவுக்குப் பொருந்துவதில்லை. 64 ஜிபி சர்வரில் 45 ஜிபி கைக்குக் கிடைக்கிறது என்றால், 4.5 ஜிபி சேரும்வரை கர்னல் அவசரப்படாது. கடைசி எல்லை 9 ஜிபி. அமேசான் கிளவுடின் டிஸ்க் சேவையான இபிஎஸ்ஸில், ஜிபி3 (gp3) வகை டிஸ்க்கில் கூடுதல் காசு கொடுக்காமல் கிடைப்பது வினாடிக்கு 125 எம்பி. 4.5 ஜிபியை அந்த வேகத்தில் இறக்க 36 வினாடி, 9 ஜிபிக்கு 72 வினாடி. அந்த நேரத்தில் ஒரு எஃப்சிங்க் (டிஸ்க்கில் இறங்கும்வரை காத்திருக்கும் அழைப்பு) வந்தால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். "சும்மா இருந்த டேட்டாபேஸ் திடீரென்று ஒரு நிமிடம் உறைந்துவிட்டது, சிபியு காலியாகத்தான் இருக்கிறது" என்ற புலம்பல்களில் கணிசமானவை இந்தக் கணக்கில் அடங்கிவிடும். அப்போது /ப்ராக்/மெம்இன்ஃபோவில் 'டர்ட்டி', 'ரைட்பேக்' ஆகிய இரண்டு வரிகளையும் வினாடிக்கு ஒருமுறை பார்த்தால் போதும். டர்ட்டி ஜிபி கணக்கில் ஏறி, பிறகு ரைட்பேக் வீங்கினால் ஆள் அகப்பட்டுவிட்டார்.

மருந்து எளிது. சதவீதத்தை விட்டுவிட்டு பைட்டில் எல்லை வைக்கலாம்: டர்ட்டி_பேக்ரவுண்ட்_பைட்ஸ் 268435456 (256 எம்பி), டர்ட்டி_பைட்ஸ் 1073741824 (1 ஜிபி). பைட்ஸ் அமைத்தால் அதற்கு இணையான ரேஷியோ தானாகப் பூஜ்யமாகிவிடும், அதைக் கண்டு திகைக்க வேண்டாம். 256 எம்பி என்பது தொடங்கும் இடம்தான். டிஸ்க் இரண்டு வினாடியில் விழுங்கக்கூடிய அளவு என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து ஏற்றி இறக்கலாம்.

எஃப்சிங்க் என்ன செய்கிறது

கர்னலிடம் "இந்த ஃபைலுக்கு உரியதெல்லாம் கீழே இறங்கும்வரை என்னைத் திரும்ப விடாதே" என்று சொல்வது எஃப்சிங்க். டர்ட்டி பக்கங்கள், ஃபைலின் மெட்டாடேட்டா (நீளம், மாற்றிய நேரம் போன்ற விவரங்கள்) எல்லாம் எழுதி, கடைசியில் டிஸ்க்குக்கும் "உன் கேஷைக் காலி செய்" என்று ஒரு ஃப்ளஷ் கட்டளை அனுப்பும். இந்தக் கடைசிப் படிதான் விலை உயர்ந்தது.

எஃப்டேட்டாசிங்க் அதன் சிக்கனமான தம்பி. ஃபைலைத் திரும்பப் படிக்கத் தேவையில்லாத மெட்டாடேட்டாவை, கடைசியாக மாற்றிய நேரம் போன்றவற்றை, விட்டுவிடும். ஃபைலின் நீளம் மாறியிருந்தால் விட முடியாது, அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். போஸ்ட்கிரெஸ் தன் 16 எம்பி வால் (ரைட்-அஹெட் லாக், மாற்றங்களை முன்கூட்டியே குறிக்கும் பதிவேடு) ஃபைல்களை முன்கூட்டியே பூஜ்யத்தால் நிரப்பி வைப்பதும், பழையதை அழிக்காமல் பெயர் மாற்றித் திரும்பப் பயன்படுத்துவதும் இதனால்தான். நீளம் மாறாத ஃபைலின் மேலேயே எழுதினால் எஃப்டேட்டாசிங்க் ஃபைல்சிஸ்டத்தின் ஜர்னலை (மெட்டாடேட்டா மாற்றங்களைக் குறிக்கும் அதன் சொந்தப் பதிவேடு) தொடாமல் திரும்பலாம். லினக்ஸில் வால்_சிங்க்_மெத்தட் இயல்பாக எஃப்டேட்டாசிங்க்காக இருப்பதும் இந்தக் கணக்கில்தான், அதை மாற்றிப் பார்க்கக் காரணம் அரிது.

விலை எவ்வளவு? 7200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற 8.33 மில்லிவினாடி. எழுதிய அதே இடத்தை ஒட்டி மறுபடி எழுத ஒரு சுற்று காத்திருக்க வேண்டும். ஆக ஒரே இணைப்பிலிருந்து வினாடிக்கு 120 கமிட், அதற்கு மேல் இயற்பியல் விடாது. போஸ்ட்கிரெஸோடு வரும் பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க்கை ஓட்டிப் பாருங்கள். தனியாக நிற்கும் ஹார்டு டிஸ்க்கில் வினாடிக்கு 5000 என்று வந்தால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை, நடுவில் யாரோ பொய் சொல்கிறார்கள்.

வால்: பெயர்தான் வால், போவது முன்னே

கமிட்டுக்குக் கமிட் மாறிய பக்கங்களை எல்லாம் எஃப்சிங்க் செய்வது கட்டுப்படியாகாது. ஒரு இன்செர்ட் ஒரு டேபிள் பக்கத்தையும் நான்கு இண்டெக்ஸ் பக்கங்களையும் தொடலாம், அவை டிஸ்க்கில் திசைக்கொன்றாகக் கிடக்கும். கடைக் கணக்கில் குறிப்பேடும் பேரேடும் தனித்தனியாக இருக்கிற மாதிரிதான் இங்கே தீர்வு. நடந்தது நடந்த வரிசையில் குறிப்பேட்டில் உடனே ஏறும். பேரேட்டுக்குச் சாவகாசமாக மாற்றிக்கொள்ளலாம். குறிப்பேடு பத்திரமாக இருக்கும்வரை பேரேடு பாதியில் நின்றாலும் திரும்ப எழுதிவிடலாம்.

அந்தக் குறிப்பேடுதான் வால். கமிட்டின்போது இது ஒன்றுக்கு மட்டும் எஃப்டேட்டாசிங்க். அதுவும் வரிசையாக எழுதப்படுவதால் ஒரே இடத்தில் நீளும். இருபது இணைப்புகள் ஒரே சமயத்தில் கமிட் கேட்டால் ஒருவர் செய்யும் சிங்க்கில் மற்றவர்களின் பதிவுகளும் சேர்ந்தே இறங்கிவிடும். ஒரே இணைப்பில் 120 தாண்டாத ஹார்டு டிஸ்க் இருபது இணைப்பில் ஆயிரத்தைத் தாண்டுவது இப்படித்தான்.

விதி ஒன்றே ஒன்று. ஒவ்வொரு டேட்டா பக்கத்தின் தலைப்பிலும் எல்எஸ்என் என்று ஒரு எண் இருக்கும், இந்தப் பக்கத்தைக் கடைசியாக மாற்றிய வால் பதிவு எங்கே முடிகிறது என்று அது சொல்லும். அந்த இடம்வரை வால் டிஸ்க்கில் இறங்காமல் அந்தப் பக்கத்தை வெளியே எழுதக் கூடாது. இந்த ஒரு விதியை மீறினால் குறிப்பேட்டில் இல்லாத பற்று பேரேட்டில் இருக்கும், அதை எந்த ரெகவரியாலும் சரிசெய்ய முடியாது.

கரன்ட் போய் வந்தபின் வாலை எங்கேவரை படிப்பது என்றும் ஒரு கேள்வி உண்டு. ஒவ்வொரு பதிவிலும் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் இருக்கிறது. படித்துக்கொண்டே போய், சிஆர்சி பொருந்தாத முதல் இடத்தில் நிறுத்திவிடும். அதற்குப் பின்னால் கிடப்பது பாதி எழுதிய குப்பை, அல்லது மறுபயன்பாட்டுக்கு வந்த ஃபைலின் பழைய உள்ளடக்கம்.

பாதி கிழிந்த பக்கம்

போஸ்ட்கிரெஸ் பக்கம் 8 கேபி, லினக்ஸ் பக்கம் 4 கேபி, டிஸ்க்கின் செக்டர் 512 பைட் அல்லது 4 கேபி. 8 கேபியை எழுதும் நடுவில் கரன்ட் போனால் முதல் பாதி புதிது, மறுபாதி பழையது என்று ஆகலாம். இன்னோடிபியின் பக்கம் 16 கேபி, கிழிய இன்னும் இடம் அதிகம். வாலில் "17ஆவது ஐட்டத்தை இப்படி மாற்று" என்ற குறிப்பு இருந்து பயனில்லை, அதைப் பொருத்த ஒரு முழுப் பக்கம் வேண்டுமே.

இதற்கு போஸ்ட்கிரெஸின் விடை ஃபுல்_பேஜ்_ரைட்ஸ். செக்பாயின்ட் என்பது அதுவரை மாறிய பக்கங்களை எல்லாம் டேட்டா ஃபைல்களில் இறக்கி, அதற்கு முந்தைய வாலைத் தேவையற்றதாக்கும் வேலை. அது ஒருமுறை நடந்த பிறகு ஒரு பக்கம் முதன்முறை மாறும்போது அந்தப் பக்கம் முழுவதும் (நடுவில் உள்ள காலி இடம் நீங்கலாக) வாலுக்குள் போகும். அடுத்தடுத்த மாற்றங்களுக்குச் சின்னக் குறிப்பு போதும். இன்னோடிபி வேறு வழி போகிறது: பக்கங்களை முதலில் டபுள்ரைட் பஃபர் என்ற தனி இடத்தில் எழுதி சிங்க் செய்துவிட்டு, பிறகு உரிய இடத்தில் எழுதும். இரண்டில் ஏதாவது ஒன்று எப்போதும் முழுதாக இருக்கும். மைஎஸ்க்யூஎல் 8.0.20 முதல் இதற்குத் தனி ஃபைல்கள், அதற்கு முன் சிஸ்டம் டேபிள்ஸ்பேஸுக்குள் இருந்தது.

போஸ்ட்கிரெஸ் வழியின் பக்கவிளைவைத் தெரிந்துகொள்ளாமல் ட்யூன் செய்யப் போனால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான். 100 பைட் வரி ஒன்றை மாற்றினால் வாலில் 8 கேபிவரை ஏறலாம். செக்பாயின்ட் முடிந்த கையோடு எல்லாப் பக்கங்களும் மறுபடி 'முதன்முறை' ஆகிவிடும், அதனால் செக்பாயின்ட் அடிக்கடி நடந்தால் வால் வீங்கும். வால் வீங்கினால் அதற்கு வைத்த எல்லையான மேக்ஸ்_வால்_சைஸ் சீக்கிரம் நிரம்பும். அது நிரம்பினால் இன்னும் சீக்கிரம் செக்பாயின்ட். தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பு.

இயல்பாகச் செக்பாயின்ட்_டைம்அவுட் 5 நிமிடம், மேக்ஸ்_வால்_சைஸ் 1 ஜிபி. அந்த 1 ஜிபியும் 1 ஜிபி இல்லை. செக்பாயின்ட் தன் எழுத்தை நேரத்தில் பரப்பிச் செய்ய இடம் விட வேண்டும் என்பதால், அளவை 1.9ஆல் (ஒன்றோடு செக்பாயின்ட்_கம்ப்ளீஷன்_டார்கெட் 0.9 சேர்த்து) வகுத்து, சுமார் 540 எம்பியிலேயே அடுத்த செக்பாயின்ட்டைக் கிளப்பிவிடும். எழுத்து அதிகமுள்ள சர்வரில் 540 எம்பி என்பது அரை நிமிடச் சங்கதி. "செக்பாயின்ட்கள் மிக அடிக்கடி நடக்கின்றன" என்று லாகில் வந்தால் அர்த்தம் இதுதான்.

சரியான அளவைக் கண்டுபிடிக்க ஊகம் தேவையில்லை. பரபரப்பான நேரத்தில் பிஜி_கரன்ட்_வால்_எல்எஸ்என் மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி எடுங்கள். பிஜி_வால்_எல்எஸ்என்_டிஃப் கொடுத்தால் பைட்டில் வித்தியாசம் வரும். 6 ஜிபி என்று வந்தால், டைம்அவுட்டை 15 நிமிடமாகவும் மேக்ஸ்_வால்_சைஸை 12 ஜிபியாகவும் வையுங்கள். இரண்டு மடங்கு ஏன் என்பதற்கு அந்த 1.9தான் காரணம். இடைவெளி நீண்டதும் முழுப் பக்கங்கள் குறையும், வால் அளந்ததைவிடக் கீழே இறங்கும். விலையும் உண்டு: கிராஷ் ஆனால் அவ்வளவு வாலையும் திரும்ப ஓட்ட வேண்டும், எழுந்து நிற்க நேரமாகும். ரெப்ளிகா (நகல் சர்வர்) இருந்து, வேலை அதற்குக் கைமாறும் (ஃபெயில்ஓவர்) இடங்களில் இது பெரிய பொருட்டில்லை. ஒற்றைச் சர்வராக இருந்தால் 30 நிமிடத்துக்கு மேல் நீட்டுவதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

செக்பாயின்ட் லாகைப் படிப்பது

போஸ்ட்கிரெஸ் 15ஆம் பதிப்பு முதல் லாக்_செக்பாயின்ட்ஸ் இயல்பாகவே ஆன். ஒவ்வொரு செக்பாயின்ட்டுக்கும் ரைட், சிங்க், டோட்டல் என்று மூன்று நேரங்கள் வரும். ரைட் 270 வினாடி என்று பார்த்துப் பதறுபவர்கள் உண்டு. 5 நிமிடத்தில் 0.9 பங்கு 270 வினாடி, டிஸ்க்கைத் திணறவிடாமல் வேண்டுமென்றே மெதுவாக எழுதுகிறது, அது ஆரோக்கியம். பார்க்க வேண்டியது சிங்க். அது ஒரு வினாடிக்குள் இருந்தால் கர்னல் இடையிடையே இறக்கிக்கொண்டே வந்திருக்கிறது. 20, 30 வினாடி என்றால் எழுதியதெல்லாம் பேஜ் கேஷில் குவிந்து கிடந்து, கடைசியில் மொத்தமாக இறங்கியிருக்கிறது. அந்த 30 வினாடியில் கமிட் செய்ய வந்தவர்கள்தான் அவதிப்பட்டவர்கள்.

9.6 முதல் செக்பாயின்ட்_ஃப்ளஷ்_ஆஃப்டர் என்று ஒன்று வந்தது, லினக்ஸில் இயல்பு 256 கேபி. அவ்வளவு எழுதியதும் "இதை இப்போதே இறக்கத் தொடங்கு" என்று கர்னலுக்குச் சொல்லும். சொல்வதோடு சரி, காத்திருக்காது, உத்தரவாதமும் இல்லை. ஆனால் குவியலைக் கரைக்கும். இது இருந்தும் சிங்க் நேரம் எகிறினால் செக்பாயின்டரை விட்டுவிட்டு மற்றவர்களைப் பாருங்கள்: ஷேர்டு_பஃபர்ஸ் போதாமல் பேக்எண்டுகளே (இணைப்புக்கு ஒன்றாக ஓடும் போஸ்ட்கிரெஸ் புரோசஸ்கள்) பக்கங்களை வெளியே தள்ளலாம், அல்லது அதே டிஸ்க்கில் யாரோ பேக்அப் ஃபைல் எழுதிக்கொண்டிருக்கலாம்.

அந்தப் பேக்அப் விஷயம் சாதாரணமானதில்லை. லினக்ஸில் பரவலான ஃபைல்சிஸ்டமான எக்ஸ்ட்4 தன் இயல்பான ஆர்டர்டு முறையில், மெட்டாடேட்டாவை ஜர்னலில் கமிட் செய்யுமுன் அது சார்ந்த டேட்டாவை எழுதியாக வேண்டும். ஒரே ஜர்னலைப் பங்கிடுவதால், உங்கள் சின்ன ஃபைலின் எஃப்சிங்க் அடுத்தவரின் பெரிய ஃபைலுக்காகக் காத்திருக்க நேரலாம். வாலுக்குத் தனி டிஸ்க் என்று பழையவர்கள் சொன்ன அறிவுரை எஸ்எஸ்டி காலத்தில் காலாவதி ஆகிவிட்டது என்கிறார்கள். தனி டிஸ்க் வேண்டாம் என்பது சரி, தனி ஃபைல்சிஸ்டம் வேண்டாம் என்பது சரியில்லை.

எஃப்சிங்க் தோற்றால்

இந்தக் கதையில் மிகவும் சங்கடமான பகுதி 2018 மார்ச்சில் வெளிச்சத்துக்கு வந்தது. இருபது ஆண்டுகளாக போஸ்ட்கிரெஸ் எஃப்சிங்க்கைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தது.

நடப்பு இப்படி. ஒரு பேக்எண்ட் பக்கத்தை எழுதுகிறது, அது பேஜ் கேஷில் டர்ட்டியாக உட்காருகிறது. சற்று நேரம் கழித்துக் கர்னல் அதைக் கீழே தள்ளும்போது டிஸ்க் பிழை சொல்கிறது. கேபிள் ஆட்டம், நெட்வொர்க் ஸ்டோரேஜில் தொடர்பு அறுந்தது, தின் புரொவிஷன் செய்த (இருப்பதைவிட அதிக இடம் காட்டும்) வால்யூமில் உண்மையான இடம் தீர்ந்தது, எதுவாகவும் இருக்கலாம். கர்னல் பிழையைக் குறித்துவைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தை 'சுத்தம்' என்று மாற்றிவிடுகிறது. அதற்கும் காரணம் உண்டு: பிடுங்கிவிட்ட யுஎஸ்பி ஸ்டிக்குக்கு உரிய டர்ட்டி பக்கங்களை என்றென்றைக்கும் வைத்துக்கொண்டிருந்தால் நினைவகம் நிரம்பி மெஷினே நின்றுவிடும்.

பிறகு செக்பாயின்டர் எஃப்சிங்க் அழைக்கிறது, பிழை வருகிறது. போஸ்ட்கிரெஸ் லாகில் எழுதிவிட்டு, "அடுத்த முறை பார்க்கலாம்" என்று திரும்ப முயல்கிறது. இரண்டாவது எஃப்சிங்க் வெற்றி. வெற்றியடையாமல் என்ன செய்யும், எழுத டர்ட்டி பக்கமே இல்லையே! செக்பாயின்ட் முடிந்ததாகக் கணக்கு, அதற்கு முந்தைய வால் மறுபயன்பாட்டுக்குப் போகிறது. அந்த மாற்றம் டேட்டா ஃபைலிலும் இல்லை, வாலிலும் இல்லை. எக்ஸ்ட்4இல் படித்துப் பார்த்தால்கூடப் புதிய மதிப்புதான் வரும், அந்தப் பக்கம் கேஷிலிருந்து வெளியேறும்வரை. வெளியேறிய பிறகு பழைய மதிப்பு. சில நாள் கழித்து இண்டெக்ஸும் டேபிளும் ஒத்துப்போகாமல் நிற்கும்போது யாரைக் கேட்பது?

4.13க்கு முந்தைய கர்னல்களில் நிலைமை இன்னும் மோசம், முதலில் கேட்டவருக்கு மட்டும் பிழையைச் சொல்லிவிட்டு மறந்துவிடும். 4.13 முதல் ஃபைலைத் திறந்துவைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒருமுறை சொல்லும். ஆனாலும் ஒருமுறைதான்.

2019 பிப்ரவரி 14 அன்று வந்த போஸ்ட்கிரெஸ் 11.2, 10.7, 9.6.12 முதலிய பதிப்புகளில் தீர்வு வந்தது: டேட்டா ஃபைலின் எஃப்சிங்க் தோற்றால் சர்வர் பேனிக் ஆகிக் கீழே விழும். எழுந்து, வாலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதும். டேட்டா_சிங்க்_ரீட்ரை என்ற அமைப்பு பழைய நடத்தையைத் திரும்பக் கொண்டுவரும், இயல்பில் ஆஃப். லினக்ஸில் அதைத் தொடாதீர்கள். மைஎஸ்க்யூஎல்லும் மாங்கோடிபியின் வயர்டைகரும் அதே பாதைக்கு வந்துவிட்டன.

சொந்தமாக ஸ்டோரேஜ் கோடு எழுதுபவர்களுக்கும் இது பொருந்தும். எஃப்சிங்க் பிழை தந்தால் எஃப்சிங்க்கையே திரும்ப அழைப்பது பயனற்றது. ரைட்டிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும், முடிந்தால் வேறு ஃபைலில். இன்னொன்று: தற்காலிக ஃபைலில் எழுதிப் பெயர் மாற்றும் வழக்கமான உத்தியில் ஃபைலுக்கு எஃப்சிங்க், பிறகு ரீநேம், பிறகு அந்த டைரக்டரிக்கும் எஃப்சிங்க். மூன்றாவதைப் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். உள்ளடக்கம் டிஸ்க்கில் இருக்கும், பெயர் இருக்காது.

கர்னல் கேஷ் வேண்டுமா, வேண்டாமா

இன்னோடிபி ஓ_டைரக்ட் என்ற ஃபைல் திறப்பு முறையை வைத்து பேஜ் கேஷை ஒதுக்கிவிடும். தன் பஃபர் பூலுக்கே ராமின் பெரும்பகுதியைக் கொடுங்கள் என்று கேட்கும். மைஎஸ்க்யூஎல் 8.4இல் லினக்ஸில் இதுவே இயல்பு ஆகிவிட்டது. போஸ்ட்கிரெஸ் கர்னலை நம்பிப் பிழைக்கிறது. ஒரே பக்கம் ஷேர்டு_பஃபர்ஸிலும் பேஜ் கேஷிலும் இரண்டு முறை உட்காரும், அது விரயம்தான். அதனால்தான் ஷேர்டு_பஃபர்ஸை ராமில் 25 சதவீதத்தில் தொடங்கு, 40ஐத் தாண்டினால் பலன் அரிது என்று அதன் ஆவணம் சொல்கிறது. மைஎஸ்க்யூஎல்லிலிருந்து வந்தவர் பழக்கதோஷத்தில் 80 சதவீதம் கொடுத்தால், பேஜ் கேஷுக்கு இடமில்லாமல் எல்லாமே தள்ளாடும். எஃபெக்டிவ்_கேஷ்_சைஸ் ஒரு பைட்டைக்கூட ஒதுக்குவதில்லை, குவெரியை எப்படி ஓட்டுவது என்று தீர்மானிக்கும் பிளானருக்குச் சொல்லும் மதிப்பீடு மட்டுமே. கன்டெய்னரில் ஓட்டினால் அந்த மெமரி லிமிட்டுக்குள் பேஜ் கேஷும் கணக்கில் சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஓ_டைரக்ட் என்றால் நேரே டிஸ்க்கில் எழுதியாயிற்று என்று நினைப்பது பரவலான தவறு. அது கர்னலின் கேஷை மட்டும்தான் தாண்டுகிறது. டிஸ்க்கின் உள் கேஷ் அப்படியே இருக்கிறது, ஃபைல் நீண்டிருந்தால் மெட்டாடேட்டாவும் பாக்கி. எஃப்சிங்க் அப்போதும் தேவை. போஸ்ட்கிரெஸும் மெல்ல ஓ_டைரக்டை நோக்கி நகர்கிறது. 18ஆம் பதிப்பில் வந்த அசிங்க்ரனஸ் ஐஓ முதல் அடி, ஆனால் அது வாசிப்புக்கு மட்டும்.

தளர்த்த வேண்டுமானால்

எஃப்சிங்க்=ஆஃப் என்பது வேகத்துக்கான அமைப்பு இல்லை. செக்பாயின்ட் முடிந்ததாகக் கணக்கு வைத்துவிட்டு டேட்டா பக்கங்கள் இன்னும் மிதந்துகொண்டிருக்கும். கரன்ட் போனால் டேட்டாபேஸ் முழுவதும் குப்பை ஆகலாம். போனால் திரும்ப உருவாக்கிக்கொள்ளும் டெஸ்ட் டேட்டாபேஸுக்கு மட்டும் சரி.

வேகம் வேண்டுமென்றால் சிங்க்ரனஸ்_கமிட்=ஆஃப் போடுங்கள். கமிட் காத்திருக்காமல் திரும்பும், வால் ரைட்டர் பின்னால் இறக்கும். அதிகபட்ச இழப்பு வால்_ரைட்டர்_டிலேயின் மூன்று மடங்கு, இயல்பான 200 மில்லிவினாடிக்கு 0.6 வினாடி. கடைசி சில டிரான்சாக்‌ஷன்கள் போகும், ஆனால் எதுவும் குலையாது. இதை ஒரு டிரான்சாக்‌ஷனுக்கு மட்டும்கூட அமைக்கலாம்: கிளிக் லாகுக்கு ஆஃப், பணம் செலுத்துவதற்கு ஆன். இதற்குக் கிட்டே நிற்பது இன்னோடிபியின் ஃப்ளஷ்_லாக்_அட்_டிஆர்எக்ஸ்_கமிட்=2: ஒவ்வொரு கமிட்டும் பேஜ் கேஷ்வரை போகும், சிங்க் சுமார் வினாடிக்கு ஒருமுறை. எஸ்க்யூலைட்டை வால் முறையில் வைத்து சிங்க்ரனஸ்=நார்மல் போட்டால் செக்பாயின்ட்டில் மட்டும்தான் சிங்க், அங்கேயும் கடைசிக் கமிட்டுகள் போகலாம், ஃபைல் கெடாது.

இசட்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டத்தில் பக்கம் கிழிவதில்லை என்பதால் ஃபுல்_பேஜ்_ரைட்ஸை அணைக்கலாம். மற்ற இடங்களில் அணைத்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லையே" என்பவர்களுக்கு இன்னும் கரன்ட் போகவில்லை, அவ்வளவுதான்.

பொய் சொல்லும் சாமான்கள்

மேலே சொன்ன அனைத்தும் ஃப்ளஷ் கட்டளைக்கு டிஸ்க் உண்மையாகப் பதில் சொல்கிறது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. கரன்ட் போனாலும் உள் கேஷை இறக்கிவிடக் கெப்பாசிட்டர் வைத்த சர்வர் எஸ்எஸ்டி, ஃப்ளஷ்ஷுக்கு மைக்ரோவினாடிகளில் நேர்மையாகவே பதில் சொல்ல முடியும். கெப்பாசிட்டர் இல்லாத சாதாரண எஸ்எஸ்டி நேர்மையாக இருந்தால் மில்லிவினாடிகள் ஆகும். கெப்பாசிட்டர் இல்லாமல், ஆனால் அதே மைக்ரோவினாடி வேகம் காட்டினால் சந்தேகப்படுங்கள். ரெய்டு கார்டில் பேட்டரி இருக்கிறதா, உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி செத்ததும் நல்ல கார்டு ரைட்-த்ரூவுக்கு (டிஸ்க்கில் இறங்கிய பிறகே பதில் சொல்லும் முறை) மாறிவிடும், "நேற்றுவரை வேகமாக இருந்தது" என்ற புகார் வரும். கெமு என்ற வர்ச்சுவல் மெஷின் மென்பொருளில் கேஷ்=அன்சேஃப் வைத்திருந்தால் கெஸ்ட் அனுப்பும் ஃப்ளஷ் எல்லாம் குப்பைத்தொட்டிக்குப் போகும். மேக்கில் எஃப்சிங்க் டிஸ்க்கின் கேஷைக் காலி செய்யச் சொல்வதே இல்லை, அதற்கு எஃப்_ஃபுல்எஃப்சிங்க் என்று தனி அழைப்பு. மேக்கில் எடுத்த கமிட் வேகத்தை லினக்ஸ் சர்வரோடு ஒப்பிட்டு வருந்த வேண்டாம்.

ஆகவே சோதனையை மூன்று படியாகச் செய்ய வேண்டும். 'கில் -9' புரோசஸின் நினைவகத்தைக் கழிக்கிறது. லினக்ஸின் அவசரக் கட்டளை வாசலான சிஸ்ஆர்க்யூ ட்ரிக்கரில் 'பி' (b) எழுத்தை எழுதினால் சிங்க் எதுவும் செய்யாமல் மெஷின் உடனே ரீபூட் ஆகும், பேஜ் கேஷ் கழிந்துவிடும், ஆனால் டிஸ்க்குக்குக் கரன்ட் இருப்பதால் அதன் உள் கேஷ் தப்பிக்கும். மூன்றாவது, ஒயரைப் பிடுங்குவது.

பிடுங்குமுன் வேறொரு மெஷினிலிருந்து ஒரு ஸ்கிரிப்ட்டை ஓடவிடுங்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணை இன்செர்ட் செய்து கமிட் கொடுக்கட்டும். கமிட் வெற்றி என்று பதில் வந்த பிறகே அந்த எண்ணைத் தன் பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும். பத்து இணைப்புகள், ஐந்து நிமிடம், நடுவில் ஒரு செக்பாயின்ட்டும் ஓடட்டும். பிடுங்கி, சற்றுப் பொறுத்துச் செருகி, ரெகவரி முடிந்ததும் ஒப்பிடுங்கள். டேட்டாபேஸில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு எண் கூடுதலாக இருக்கலாம், கமிட் இறங்கிப் பதில் வந்து சேருமுன் ஒயர் போயிருக்கும், அதில் தவறில்லை. ஸ்கிரிப்ட் எழுதிவைத்த எண்ணில் ஒன்று டேட்டாபேஸில் இல்லையென்றாலும் அந்த டிஸ்க்கை, அல்லது அதற்கு மேலிருக்கும் கார்டை மாற்றுங்கள். ஒரு முறை தேறினால் போதாது, குறைந்தது பத்து முறையாவது பிடுங்கிப் பாருங்கள்.